வீட்டுக்குள் விஞ்ஞானம்: விழுந்த சுவிட்ச் சொன்ன சேதி

சில வருடங்களுக்கு முன் ஒரு மாரி காலம். எங்கள் உம்மா வீட்டில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்கியது. காலையில் ஒரு தடவை, பகலில் இரண்டு தடவை, இரவு சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. விழுந்தால் வீடு முழுக்க இருட்டு. யாராவது கதிரையை வைத்து ஏறி அதைத் தூக்கிவிட வேண்டும். தூக்கினால் சில வேளை நிற்கும். சில வேளை நிற்காது.

அந்தக் கிழமை வீட்டில் ஒரு விசேஷம் இருந்தது. விருந்தாளிகள் வரும் நேரத்தில் இந்தக் கரைச்சல் வேண்டாமென்று, ஊரில் வயரிங் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் வந்தார், பார்த்தார். “சுவிட்ச் பழசாப் போச்சி. இப்பத்திக்கு டிரெக்டாக் குடுத்து உடுறன், புறகு புதுசு போடலாம்” என்றார். ட்ரிப் சுவிட்சுக்கு உள்ளே போகும் கம்பியையும் வெளியே வரும் கம்பியையும் நேராக முடிந்துவிட்டுப் போனார். அதன் பிறகு அது விழவேயில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டு நாள் கழித்துத் தங்கையின் மகன் ஓடி வந்து, “மூத்தம்மா, கிணத்தடிப் பைப்பத் தொட்டாக் கை விறுவிறுக்குது” என்றான். பத்து வயதுப் பிள்ளை. குளிர் தண்ணீர் பட்டிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன். விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

நாலாம் நாள் காலை, தங்கை வெறுங்காலோடு ஈரமான கிணற்றுக்கட்டில் நின்று பாத்திரம் கழுவப் போனாள். தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பைப்பைத் திறக்கப் புறங்கை பட்டதுதான் தாமதம், அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். புறங்கை பட்டதால் கை தானாக விலகிவிட்டது. உள்ளங்கையால் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். “அல்லாஹ் காப்பாத்தினான்” என்று உம்மா அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

அன்று பின்னேரம் வேறொரு மின்னியலாளர் மானியோடு வந்து கால் மணித்தியாலத்தில் குறையைக் கண்டுபிடித்தார். ட்ரிப் சுவிட்சில் ஒரு பிழையும் இல்லை. மாரி ஈரத்தில் மோட்டருக்குள் மின்சாரம் கசிந்திருக்கிறது. தாங்கியில் தண்ணீர் குறைந்ததும் தானாக ஓடும் மோட்டர் அது. ஆகவே எப்போது ஓடுகிறது, எப்போது சுவிட்ச் விழுகிறது என்று நாங்கள் பொருத்திப் பார்க்கவில்லை. அந்த சுவிட்ச் நாலைந்து நாளாக எங்களுக்கு ஒரு சேதியைச் சொல்லிக்கொண்டேயிருந்தது. நாங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

அந்தச் சேதி என்ன? அதை விளங்கிக்கொள்ள மின்சாரத்தின் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவோம். கணிதம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வகுத்தல் தெரிந்தால் போதும்.

மூன்று சொற்கள்

வீட்டுக் கூரைக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளப்படும். இந்தத் தள்ளுகைக்கு ஒப்பானது மின்னழுத்தம். அதை வோல்ட்டில் அளக்கிறோம். நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்.

குழாயில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, அதற்கு ஒப்பானது மின்னோட்டம். அதை அம்பியரில் அளக்கிறோம். செம்புக் கம்பிக்குள் ஓடுவது இலத்திரன் எனும் மிக நுண்ணிய துணிக்கைகள். ஓர் அம்பியர் ஓடுகிறது என்றால், கம்பியின் ஓர் இடத்தை ஒரு செக்கனில் ஏறத்தாழ 6 கோடி கோடி கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 6 என்ற இலக்கத்துக்குப் பின்னால் 18 பூச்சியம் போட்டால் வரும் எண்ணிக்கையான இலத்திரன்கள் கடக்கின்றன.

குழாய் ஒடுக்கமாக இருந்தால் தண்ணீர் குறைவாக வரும் அல்லவா? அதற்கு ஒப்பானது தடை. அதை ஓம் என்ற அலகில் அளக்கிறோம்.

இந்த மூன்றையும் தொடுக்கும் விதியை ஜெர்மனியைச் சேர்ந்த ஜோர்ஜ் சைமன் ஓம் என்ற ஆசிரியர் 1827இல் நூலாக வெளியிட்டார். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் அம்பியர் வரும். அவ்வளவுதான் ஓமின் விதி. உலகம் முழுவதும் மின்னியலாளர்கள் நாளாந்தம் போடும் கணக்கு இதுவே.

ஆனால் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாங்கித் தண்ணீர் பைப்பால் வெளியே வந்து கானுக்குள் போனால் போனதுதான். மின்சாரம் அப்படியல்ல. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போக ஒரு பாதை இருந்தால் மாத்திரமே அது ஓடும். போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்த வட்டத்தைத்தான் மின்சுற்று என்கிறோம். சுவிட்சைப் போடும்போது வட்டம் மூடுகிறது, மின்குமிழ் எரிகிறது. நிறுத்தும்போது வட்டம் அறுகிறது, அணைகிறது.

பிளக்கின் மூன்று கால்கள்

வீட்டுக்கு வரும் கம்பிகளில் ஒன்று உயிர்க்கம்பி. 230 வோல்ட் அழுத்தம் இருப்பது இதில்தான். இன்னொன்று நொதுமல் கம்பி. வேலையை முடித்த மின்சாரம் இதன் வழியாகத் திரும்புகிறது. வீட்டிலுள்ள மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை; செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அதனால் இதை ஆடலோட்டம் என்கிறோம். டோர்ச் பற்றரியிலிருந்து வருவது ஒரே திசையில் போகும் நேரோட்டம்.

மூன்றாவது, புவித்தொடுப்புக் கம்பி. ‘ஏர்த்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சாதாரண வேளைகளில் இதில் மின்சாரம் ஓடாது. குளிர்சாதனப் பெட்டி, அயன், மோட்டர் போன்றவற்றின் உலோக உடலை நிலத்தில் புதைத்த கோலுடன் இது தொடுத்து வைக்கிறது. உள்ளே உயிர்க்கம்பியின் உறை உரிந்து உலோகத்தில் பட்டுவிட்டால், மின்சாரம் நம் உடம்பைத் தேடாமல் இந்த வழியால் நிலத்துக்குள் இறங்கிவிடும்.

நிலத்துக்குள் ஏன் இறங்குகிறது? மின்சாரம் வழங்கும் இடத்திலுள்ள நிலைமாற்றியில் நொதுமல் கம்பியையும் நிலத்தோடு தொடுத்திருக்கிறார்கள். ஆகவே நிலமும் ஒரு திரும்பும் பாதையாகிறது. நிலத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டு உயிர்க்கம்பியைத் தொட்டவர் தம்மை அறியாமலே ஒரு மின்சுற்றின் பகுதியாகி விடுகிறார். கம்பியில் குந்தியிருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆகாதது, அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதாலும், திரும்பும் பாதை இல்லாததாலும்தான்.

நம் வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சதுரக் கால் பிளக் பேசில் இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காக, மேல் துவாரத்துக்குள் பேனையையோ குச்சியையோ விட்டு அழுத்துகிறோம். அந்த மேல் துவாரம் புவித்தொடுப்புக் காலுக்கு உரியது. அந்தக் கால் மற்ற இரண்டையும்விட நீளமானது. அது முதலில் நுழைந்து உள்ளேயுள்ள மூடிகளைத் திறந்தால்தான் மற்றவை நுழையும். சின்னப் பிள்ளைகள் கம்பியை விட்டுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. பேனையால் திறக்கும்போது இரண்டு பாதுகாப்பை ஒரே நேரத்தில் இழக்கிறோம்: மூடியும் போகிறது, ஏர்த்தும் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் அதைப் படித்துக்கொள்கிறது.

கம்பி நிறங்களையும் தெரிந்து வைத்திருங்கள். பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை ஏர்த். புதியவற்றில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது ஏர்த். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது. போட்டவர் மாற்றிப் போட்டிருந்தால் நிறம் பொய் சொல்லும்.

சுற்றில் இருக்கும் சின்னச் சின்னச் சாமான்கள்

பழுதான ரேடியோவையோ சார்ஜரையோ கழற்றிப் பார்த்தால் உள்ளே மணியும் வில்லையும் தகரமுமாகப் பல பொருள்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

தடையி: உடம்பில் நிற வளையங்கள் போட்ட சிறு குழல். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது இதன் வேலை. அந்த நிறங்கள் அழகுக்கல்ல. எத்தனை ஓம் என்பதைச் சொல்லும் எழுத்து. தடையில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும். அயனுக்கும் கேத்தலுக்கும் உள்ளேயிருக்கும் சுருளும் ஒரு தடையே. அங்கே சூடு நமக்கு வேண்டும். வயரில் சூடு வந்தால் ஆபத்து.

கொள்ளளவி: மின்னேற்றத்தைச் சிறிது நேரம் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும். கூரை விசிறியிலும் தண்ணீர் மோட்டரிலும் ஒன்று இருக்கும். ‘கெபசிட்டர்’ என்று கடையில் கேட்பது இதுதான். விசிறி வரவர மெதுவாகச் சுற்றினால், அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் இது பலவீனமாகியிருக்கும். விசிறியையே மாற்றத் தேவையில்லை. குறைந்த விலையில் தீரும் வருத்தம் அது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் ஏற்றம் மிச்சமிருக்கலாம். பழைய பெட்டி டெலிவிஷனைக் கழற்றியவர்கள் அடி வாங்கியது இதனால்தான்.

இருவாயி: ஒருவழிப் பாதை. ஒரு திசையில் மின்சாரத்தை விடும், மறு திசையில் மறிக்கும். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க இது வேண்டும். சார்ஜருக்குள் நான்கு இருவாயிகளைச் சேர்த்து ஆடும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகிறார்கள். இன்று வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. மின்குமிழும் வெளிச்சம் தரும் இருவாயிதான்.

நிலைமாற்றி: இரும்பு அகணியில் சுற்றிய இரண்டு செம்புச் சுருள்கள். ஒன்றில் ஆடலோட்டம் ஓடினால் மற்றதில் மின்சாரம் தூண்டப்படும். சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வோல்ட் கூடும் அல்லது குறையும். இந்தத் தூண்டலை மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்தார். தெருவோரம் கம்பத்தில் தொங்கும் பெரிய பெட்டியும், பழைய ரேடியோவுக்குள் இருக்கும் சிறிய கட்டியும் இதே குடும்பம்.

திரான்சிஸ்டர்: சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று கால் சாமான். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்த பார்டீன், பிரட்டைன், ஷொக்லி ஆகிய மூவருக்கும் 1956இல் நொபெல் பரிசு கிடைத்தது. நம் வீடுகளில் ரேடியோவையே ‘டிரான்சிஸ்டர்’ என்று அழைத்தோமே, அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

பியூஸ் காப்பது யாரை?

இனி நம் கதைக்கு வருவோம். மெயின் சுவிட்ச் பெட்டியில் பியூஸ் அல்லது அதன் வேலையைச் செய்யும் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். இவை காப்பது வயரை, நம்மையல்ல. இந்த வித்தியாசம் மிக முக்கியமானது.

கணக்கொன்று பார்ப்போம். 2,000 வாட் கேத்தலை 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.7 அம்பியர். 1,000 வாட் அயனுக்கு 4.3 அம்பியர். 700 வாட் சோற்றுக் குக்கருக்கு 3 அம்பியர். மூன்றையும் ஒரே நீட்டு வயரில் செருகினால் 16 அம்பியர். அந்த வயரின் பிளக்கோ 13 அம்பியருக்கு உரியது. மேலும், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். வயர் சூடாகி உறை உருகி நெருப்புப் பிடிப்பது இப்படித்தான்.

பியூஸ் என்பது இதைத் தடுக்க வைத்த மெல்லிய கம்பி. அளவுக்கு மிஞ்சினால் முதலில் தான் உருகி வட்டத்தை அறுத்துவிடும். அடிக்கடி பியூஸ் போகிறதென்று அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுபவர்கள், வீட்டில் உள்ள எல்லா வயரையும் பியூஸாக்கி விடுகிறார்கள். பிறகு உருகுவது சுவருக்குள் இருக்கும் வயர்.

சரி, மனிதனுக்கு எவ்வளவு மின்னோட்டம் ஆபத்து? ஓர் அம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு மில்லி அம்பியர். 1 மில்லி அம்பியர் உடம்பில் ஓடினால் விறுவிறுக்கும். தங்கையின் மகன் சொன்னானே, அதுதான். 10 மில்லி அம்பியரைத் தாண்டும்போது கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி அம்பியரளவில் மூச்சுத் தசைகளும் இறுகலாம். 50இலிருந்து 100 மில்லி அம்பியர் வரை நெஞ்சுக்குக் குறுக்கே ஓடினால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கிவிடலாம். அப்படி நடந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

காய்ந்த தோலின் தடை ஒரு இலட்சம் ஓம் வரை இருக்கலாம். 230ஐ ஒரு இலட்சத்தால் வகுத்தால் 2.3 மில்லி அம்பியர், விறுவிறுப்போடு போகும். நனைந்த கையும் ஈரத்தில் வைத்த வெறுங்காலுமாக இருந்தால் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி அம்பியர். பிள்ளை காலில் செருப்போடு நின்றான், விறுவிறுத்தது. தாய் வெறுங்காலோடு ஈரத்தில் நின்றாள், தூக்கி எறிந்தது. மின்சாரம் ஒன்றுதான்; தடைதான் வேறு.

இந்த 230 மில்லி அம்பியர் என்பது கால் அம்பியரைவிடக் குறைவு. ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான இந்த மின்னோட்டத்தை 5 அம்பியர் பியூஸ் பொருட்படுத்தவே மாட்டாது. 50 வாட் மின்குமிழ் ஒன்று எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். இதனால்தான் பியூஸை நம்பி உயிரை விட முடியாது என்கிறேன்.

ட்ரிப் சுவிட்ச் போடும் கணக்கு

நம்மைக் காக்க வைத்தது ட்ரிப் சுவிட்ச்தான். அது செய்வது நம் கடைக்கார முதலாளிமார் இரவில் செய்யும் வேலை: போனதையும் வந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பது.

அதற்குள் ஒரு இரும்பு வளையம் உண்டு. உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் அந்த வளையத்துக்குள்ளால் போகின்றன. உயிர்க்கம்பியால் 5 அம்பியர் போனால், நொதுமலால் அதே 5 அம்பியர் திரும்ப வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அவை உண்டாக்கும் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் கொஞ்சம் மின்சாரம் மோட்டரின் உடல் வழியாகவோ ஒருவரின் உடம்பு வழியாகவோ நிலத்துக்குள் இறங்கிவிட்டால், திரும்பி வருவது குறையும். கணக்குச் சரிவராது. உடனே வளையத்தில் காந்த விளைவு தோன்றி, அதில் சுற்றியுள்ள இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, சுவிட்சைத் தட்டிவிடும். பரடே கண்டறிந்த அதே தூண்டல்தான்.

ஆட்களைக் காப்பதற்குரிய ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வித்தியாசத்தில் விழும். அந்த அளவில் ஒரு செக்கனின் பத்தில் மூன்று பங்குக்குள் விழ வேண்டும் என்பது நியமம். 150 மில்லி அம்பியர் கசிந்தால் செக்கனின் நூறில் நான்கு பங்குக்குள் விழ வேண்டும். கண் இமைப்பதற்குள் என்று சொல்வோமே, அதைவிட வேகம்.

எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது விளங்கிக்கொள்ளலாம். மோட்டரின் உடல் ஏர்த் கம்பியோடு தொடுத்துத்தான் இருந்தது. ஆனால் நிலத்துக்குள் போகும் கோலில் கம்பி கட்டிய இடம் துருப்பிடித்துப் போயிருந்தது. நல்ல ஏர்த்தில் தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். துருவினால் அது சில நூறு ஓமாக உயர்ந்திருந்தது. ஒரு பேச்சுக்கு 300 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 300ஆல் வகுத்தால் முக்கால் அம்பியர் அளவில் வரும். மோட்டருக்குரிய சுவிட்ச் விழ இது போதாது. ஆனால் ட்ரிப் சுவிட்சுக்கு இது மிகப் பெரிய வித்தியாசம். அதனால்தான் அது மட்டும் விழுந்துகொண்டேயிருந்தது. அதை ‘டிரெக்ட்’ ஆக்கியதும் மோட்டரும் அதோடு தொடுத்த இரும்புக் குழாயும் மின்னேறிய நிலையிலேயே நின்றன. தடுக்க ஒன்றுமில்லை. வந்து தொடும் கைக்காக அவை காத்துக்கொண்டிருந்தன.

ட்ரிப் சுவிட்சுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறு கையால் நொதுமலையும் ஒருவர் பிடித்தால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும், அது விழாது. எனவே ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதென்று கம்பியில் விளையாட முடியாது.

நீங்கள் இன்றே செய்யக் கூடியவை

ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். உள்ளேயுள்ள ஒரு தடையி வழியாக அது வேண்டுமென்றே சிறு கசிவை உண்டாக்கும். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், அன்றே மாற்றுங்கள். இந்தச் சோதனை சுவிட்சை மட்டும்தான் பார்க்கிறது, ஏர்த் நல்லதா என்று பார்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஏர்த்தின் தடையைத் தகுதியுள்ள மின்னியலாளர் மானியால் அளந்து சொல்ல வேண்டும். விசேஷமாகக் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் துரு விரைவாக ஏறும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, சின்ன சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு, அதைத் தூக்குங்கள். நின்றால் சின்ன சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ, அங்கேதான் குறை. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் இறக்கியும் நிற்காவிட்டால் நீங்கள் தொடாதீர்கள்.

‘டிரெக்டாகக் கொடுத்துவிடுகிறேன்’ என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு இரவு இருட்டில் இருந்தால் ஒன்றும் குறையாது.

குளிர்சாதனப் பெட்டி, துணி கழுவும் இயந்திரம், அயன், மோட்டர் ஆகியவற்றை மூன்று கால் பிளக்கில் மட்டும் பாவியுங்கள். பிளக் கறுத்திருந்தால், சூடாக இருந்தால், கருகிய மணம் வந்தால், அந்த இடத்தில் தொடுப்புத் தளர்ந்திருக்கிறது. தாமதிக்காதீர்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் மின் சாமான்களைத் தொடாதீர்கள்.

யாருக்காவது மின்சாரம் அடித்து அவர் பிடித்தபடி நின்றால், உங்கள் கையால் அவரை இழுக்கக் கூடாது. நீங்களும் அந்த மின்சுற்றில் சேர்ந்துவிடுவீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் காய்ந்த பலகை அல்லது பிளாஸ்டிக் கதிரை போன்றதின் மேல் நின்று, காய்ந்த தடியால் அவரைத் தள்ளிவிடுங்கள். தெருவிலுள்ள பெரிய கம்பி அறுந்து விழுந்திருந்தால் அருகே போகவே வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்சைக் கூப்பிடுங்கள். மூச்சில்லாவிட்டால், நெஞ்சழுத்த முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். எழுந்து நடந்தாலும் வைத்தியரிடம் காட்டுவது அவசியம். இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் வரலாம்.

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்பதை வீட்டிலுள்ள பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே! அதற்கு முன்னால் அலுமாரியை வைத்து மறைத்திருந்தால், இன்றே நகர்த்துங்கள்.

கடைசியாக ஒன்று. “கை விறுவிறுக்குது” என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை விளையாட்டென்று விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கிழமை முழுவதும் உண்மையைச் சொன்னவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் சுவரில் இருந்த சுவிட்ச். மற்றவர் பத்து வயதுச் சிறுவன். பெரியவர்களாகிய நாங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. இப்போது உம்மா வீட்டில் மாதத்தின் முதல் நாள் ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பார்ப்பது அவனுடைய வேலை. வீடு ஒரு நொடி இருட்டாகும். “நல்லா வேல செய்யிது மூத்தம்மா” என்று கதிரை மேல் நின்று அவன் சத்தம் போடுவான்.